இரண்டு தடவை எழுதிய 1949

கல் வந்து இறங்கியபோது சுபாஜினி பத்தாம் வகுப்புக்குக் காரணிகள் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கத்திக்கொண்டிருந்தாள் என்பதுதான் சரி. குருவிக்கல் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் இருப்பது ஒரே நீண்ட மண்டபம். வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே ஒரு பலகைத் தட்டி. தட்டிக்கு அந்தப் பக்கம் நாலாம் வகுப்பு கையைத் தட்டிப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது. மழை பிடித்தால் அந்தப் பாட்டும் கேட்காது. தகரக் கூரைக்குக் கீழே எல்லோரும் வாயசைத்துக்கொண்டு இருப்பார்கள். மடுல்சீமைப் பக்கத்தில் மழைக்குக் குறைச்சல் இல்லை.

மண்டபத்துக்கு எதிரிலேயே புதுக் கணித அறை நின்றது. கூரை, தரை, சன்னல், வெள்ளைப் பலகை எல்லாம் போன வருஷமே தயார். தோட்டத்தின் பிரிவுக்கு ஒன்றாகக் கதவில் இரண்டு பூட்டுகள் தொங்கின. ஒன்று மேல் டிவிசனுடையது, மற்றது கீழ் டிவிசனுடையது. மணல் சுமந்தவர்கள் ஒரு பூட்டுப் போட்டார்கள், கல் சுமந்தவர்கள் இன்னொரு பூட்டுப் போட்டார்கள். இரண்டு சாவியும் ஒரே நேரத்தில் அந்தக் கதவுக்கு இதுவரை வந்ததில்லை.

குருவிக்கல்லில் எல்லாமே இரண்டு. ஒரு திருவிழாவில் அம்மன் தேர் முதலில் எந்த டிவிசன் லயத்து வீடுகளுக்குப் போவது என்று கைகலப்பாகி, பொலிஸ் ஜீப் வந்து, நாலைந்து பேருக்கு மண்டை உடைந்தது. அதற்குப் பிறகு வந்த ஏற்பாடு இது. பொங்கல் வைத்தால் இரண்டு பானை. விருந்தாளி வந்தால் இரண்டு மாலை. நன்றியுரையும் இரண்டு. அதிலும் ஒன்று மற்றதைவிட நீண்டுவிட்டால் அதற்கொரு பஞ்சாயத்து. பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் இவர்களை 'ரெட்டைத் தோட்டம்' என்று கேலி பண்ணுவார்கள். இவர்களுக்கோ அது ஒரு பெருமை.

கல்லைக் கொண்டுவந்தவன் ஷாமில். பதுளை பஸாரில் கல்வெட்டுக் கடை வைத்திருப்பவன். முச்சக்கர வண்டியின் பின் ஆசனத்திலிருந்து ஆள் பிடித்து இறக்கி, அறை வாசலில் சாய்த்து, சாக்கை விலக்கினான். சுபாஜினி சோக்கட்டியோடு போய்ப் பார்த்தாள்.

19491949
எவராலும் வகுக்க முடியாத முதன்மை எண்
எமது ஒற்றுமையின் சின்னம்

அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது. பேனை எடுத்து வகுத்துப் பார்க்க ஒன்றுமே இல்லை. பார்த்த கண்ணுக்கே தெரிந்தது.

"எழுத்துப் பிழ கிழ இருக்கா டீச்சர்?" என்றான் ஷாமில், அவள் முகத்தைப் பார்த்து.

"எழுத்துல இல்ல தம்பி. எண்ணுல."

"எண்ணு அவங்க தந்ததுதானே. நான் எட்டு எழுத்தையும் அச்சா வெட்டியிருக்கேன். ரெண்டு பாதியும் ஒரே அளவு இருக்கணும்னு உங்க அதிபர் நாலு தரம் போன் பண்ணிச் சொன்னாரு." வண்டிக்குள் கையை விட்டு இரண்டு சின்னச் சிவப்புத் திரைகளை எடுத்தான். "இதப் பாருங்க. கல்லு தொழிலுக்கு வந்து இத்தின வருஷத்துல ஒரு கல்லுக்கு ரெண்டு தெர தச்சது இதான் மொதத் தரம். மாப்பிள பொண்ணு மாதிரி ஆளுக்கொரு முக்காடு."

வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பாள். அப்படியே திரும்பி அதிபர் அறைக்குள் நுழைந்தாள்.

அதிபர் புவனேந்திரன் மறுநாள் திறப்பு விழாவுக்கு நாற்காலிகளைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். சண்டை என்றால் ஓடிப்போய் நடுவில் படுத்துக்கொள்ளக்கூடியவர். அதனாலேயே எல்லோரும் அவர்மேல் ஏறி நடந்தார்கள்.

"சேர், அது முதன்மை எண் இல்ல."

"எது?"

"நாளைக்கு நீங்க திறக்கப்போற கல்லு. 1949-ஐ ரெண்டு தரம் எழுதியிருக்கீங்க. பிறகு எப்படி அது வகுபடாம இருக்கும்?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "பாக்கியநாதன் சேர் பார்த்துச் சொன்னதும்மா. கல்குலேட்டர்ல போட்டுப் பார்த்திருக்காரு. பாடசாலை ஆரம்பிச்ச வருஷம் 1949. யாராலயும் பிரிக்க முடியாத எண்ணா ஒண்ணு போடுவோம்னு அவருக்கு ஆசை. தலைவர்மாரு ரெண்டு பேரும் வருஷத்தை ஆளுக்கொரு தரம் போடணும்னு நின்னாங்க. இடது பக்கம் மேல் டிவிசன், வலது பக்கம் கீழ் டிவிசன். சீட்டுப் போட்டு முடிவு பண்ணோம்."

"எல்லாரையும் கேட்டிருக்கீங்க. பதுளையில டயர் கடை வச்சிருக்கவரைக் கேட்டிருக்கீங்க. தலைவர்மாரைக் கேட்டிருக்கீங்க. கல்லு வெட்டுற தம்பிக்குக்கூட விஷயம் தெரியும். இந்தப் பாடசாலையில கணக்கு டீச்சர்னு ஒருத்தி இருக்காளே, அவளை மட்டும் கேக்கல. எனக்கு என்ன வேலை தந்தீங்க? வெத்திலைத் தட்டும் குத்துவிளக்கும்."

"உங்களுக்குக் கோவம் எண்ணுலயா, உங்ககிட்ட கேக்காததுலயா?"

"ரெண்டுலயும்தான் சேர். இங்க எல்லாமே ரெண்டுதானே!"

அவர் பாக்கியநாதனைப் போனில் பிடித்து, போனை அவளிடம் நீட்டினார். டயர் கடைக்காரரான பாக்கியநாதன் இந்தப் பாடசாலையின் பழைய மாணவர். அறைக்குப் பணம் தந்தவர் அவர்தான். தன் காலத்தில் கணக்கில் தான்தான் முதலாவது என்பதைச் சொல்லாமல் பேச்சை முடிக்கமாட்டார்.

"பிள்ளை, நான் ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழுன்னு ஒவ்வொண்ணா எழுபத்தொண்ணு வரைக்கும் போட்டுப் பார்த்தேன். ஒண்ணுலயும் பிரியல."

"எழுபத்தொண்ணோட ஏன் சேர் நிறுத்தினீங்க?"

"கடைக்கு ஆள் வந்துட்டாங்க."

"அடுத்தது எழுபத்திமூணு. அதுல மீதியில்லாமப் பிரியும். போட்டுப் பாருங்க."

அந்தப் பக்கம் பொத்தான்கள் அமுங்கும் சத்தம். பிறகு டயருக்குக் காற்றடிக்கும் இரைச்சல் மட்டும் கேட்டது.

"கல்லுக்குக் காசு குடுத்தாச்சே பிள்ளை" என்றார் கடைசியில்.

போனை வைத்ததும் அதிபர் குரலைத் தாழ்த்தினார். "இங்க பாருங்க டீச்சர். நாளைக்கு விட்டா ரெண்டு தலைவரையும் ஒரே நாள்ல பிடிக்க முடியாது. சாதாரண தரப் பரீட்சை வேற வருது. உங்களுக்கு ரூம் வேணுமா, சரியான எண்ணு வேணுமா? யாரு வந்து வகுத்துப் பாக்கப்போறா?"

"என் பிள்ளைங்க பாப்பாங்க. வகுத்துப் பாக்கத்தானே நான் சொல்லிக் குடுக்கறேன்? நாளைக்கு எண்ணைப் பத்தி நான் பேசணும்னு நிகழ்ச்சி நிரல்ல போட்டிருக்கீங்களே, அந்தப் பிள்ளைங்க முகத்தைப் பாத்து நான் என்ன சொல்றது?"

அவர் மறுபடியும் நாற்காலிக் கணக்கை எடுத்துக்கொண்டார். அறை திறக்காமல் போகவும் கூடாது. பொய் சொல்லவும் அவளால் முடியாது.

வெளியே இரண்டு தலைவர்களும் கல்லைப் பார்க்க வந்திருந்தார்கள். மேல் டிவிசன் தலைவர் தம்பையா ஒரு நூலை வைத்து இடது பாதியையும் வலது பாதியையும் அளந்துகொண்டிருந்தார். கீழ் டிவிசன் மாதர் சங்கத் தலைவி ரெங்கம்மா, கொழுந்துக் கூடையை முதுகிலிருந்து இறக்காமலே, அவர் அளப்பதைக் கண்கொத்திப் பாம்புபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நூலை இழுக்காம அளங்க தலைவரே. இழுத்தா உங்க பக்கம் நீளும்."

"இந்தா, நீயே அளந்துக்க. எனக்கென்ன?"

சுபாஜினி இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்றாள். எண் பிழை என்று சொன்னாள். வகுபடும் என்று சொன்னாள்.

தம்பையா நிமிர்ந்தார். "யாரோட பாதி வகுபடுது?"

"பாதி இல்லங்க. முழு எண்ணும்."

"அதெப்படி டீச்சர்? ஒரு பக்கத்துலதானே பிழை இருக்கும்? எங்க பக்கம் நல்லாத்தான் இருக்கு."

"உங்க பக்கமும் நல்லாத்தான் இருக்கு, அவங்க பக்கமும் நல்லாத்தான் இருக்கு. பக்கத்துல பக்கத்துல வச்சதுதான் பிழை. போனை எடுங்க. இந்த எட்டு எழுத்தையும் அடிச்சு, 1949-ஆல வகுங்க."

அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டி, ஒற்றை விரலால் அடித்தார். பத்தாயிரத்தொன்று என்று வந்தது. மீதி இல்லை. ரெங்கம்மா எட்டிப் பார்த்தாள்.

"இடது பக்கத்து 1949 பத்தாயிரம் தடவை. வலது பக்கத்து 1949 ஒரு தடவை. ஆக மொத்தம் பத்தாயிரத்தொரு தடவை 1949. எந்த வருஷத்தை ரெண்டு தரம் எழுதினாலும் இப்படித்தான்."

"பாத்தியா!" தம்பையாவின் முகம் மலர்ந்தது. "நாங்க பத்தாயிரம், நீங்க ஒண்ணு."

"டீச்சர்!" ரெங்கம்மா கூடையை இறக்கியேவிட்டாள். "இது என்ன நியாயம்? அப்ப எங்களதைத் திருப்பி எழுதச் சொல்லுங்க. கண்ணாடியில பாக்கற மாதிரி. 1949, அப்புறம் 9491. அப்ப சமமாயிருமில்ல?"

"அது பதினொண்ணால வகுபடும்க்கா."

"அப்ப நடுவுல ஒரு சைபரைப் போடுங்க" என்றார் தம்பையா. "சைபர் யாருக்கும் சொந்தமில்ல."

"எத்தனை சைபர் போட்டாலும் 1949-ஆல வகுபடும். நீங்க எப்படிச் சமமாப் பங்கு போட்டாலும் அது வகுபடும். நடுவுல ஏதாவது ஒரு இலக்கம் வேணும். அப்பவும் தேடித்தான் பாக்கணும்."

"அந்த நடு இலக்கம் யாருக்கு?" இரண்டு பேரும் ஒரே மூச்சில் கேட்டார்கள்.

சுபாஜினிக்கு அழுகை வந்தது. அது கோபத்தில் வருகிற அழுகை. அதை அவர்களுக்குக் காட்ட அவள் தயாராக இல்லை.

"இந்த டீச்சர் எந்த டிவிசன் ஆளு?" என்று தம்பையா, அவள் இல்லாதது போல, ரெங்கம்மாவிடம் கேட்டார்.

"தெமோதரைப் பக்கம். நம்ம ஆளு இல்ல."

"அதான பாத்தேன்" என்றார் அவர். குருவிக்கல் வரலாற்றில் அந்த இரண்டு பேரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுவாகத்தான் இருக்கும்.

மறுநாள் மழை இல்லை. தோட்டமே வெள்ளையும் சொள்ளையுமாக வந்திருந்தது. காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் பிரிந்து நிற்பதுபோலவே முற்றத்திலும் மேல் டிவிசன் ஒரு பக்கம், கீழ் டிவிசன் ஒரு பக்கம். நடுவில் பாடசாலைப் பிள்ளைகள். குத்துவிளக்கு இரண்டு. பாக்கியநாதனின் கழுத்தில் மாலை இரண்டு. அவர் சுபாஜினியைப் பார்ப்பதைத் தவிர்த்து, மாலைப் பூக்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

கல்லைக் கதவுக்கு மேலே பதித்திருந்தார்கள். இரண்டு திரைகளும் அதை மறைத்தன. இரண்டு கயிறுகள் தொங்கின. கீழே, கதவில், இரண்டு பூட்டுகள்.

"நான் மூணு சொன்னதும் ரெண்டு பேரும் ஒண்ணா இழுக்கணும்" என்றார் அதிபர் ஒலிவாங்கியில். "திரை விலகினதும் எங்கள் கணித ஆசிரியை எண்ணின் சிறப்பை விளக்குவார்." ஒலிவாங்கியை அவளிடம் கொடுத்துவிட்டு, வாய்க்குள்ளே, "ரூம், டீச்சர், ரூமை நினைச்சுக்குங்க" என்றார்.

"ஒண்ணு" என்றார். "ரெண்டு" என்றார்.

தம்பையா இழுத்துவிட்டார். வேண்டுமென்றே செய்தாரா, கை முந்திவிட்டதா என்பதை இன்றைக்கும் யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. இடது திரை விலகியது. மேல் டிவிசன் பக்கம் விசில் பறந்தது.

"மூணு எங்க?" ரெங்கம்மா கயிற்றைப் பிடித்தபடியே கத்தினாள். "சேர், மூணு சொன்னீங்களா? சொல்லல இல்ல? அப்ப எப்படி அந்தாளு இழுப்பாரு? கொழுந்து நிறுவையிலதான் ஏமாத்துறாங்கன்னா இங்கயுமா?"

"கை தவறிடிச்சும்மா, நீயும் இழுத்துட்டுப் போயேன்!"

"நீங்க கை தவறினதுக்கு நாங்க பின்னாடி வரணுமா? மூடுங்க! மறுபடி முதல்ல இருந்து வாங்க!"

கூச்சல் இரண்டு பக்கமும் ஏறியது. யாரோ ஒருவன் நாற்காலியைத் தூக்கினான். அதிபர் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நடுவில் ஓடினார்.

சுபாஜினி கல்லைப் பார்த்தாள். பாதி திறந்து, பாதி மூடி இருந்த கல்லில் நாலு இலக்கங்கள்தான் தெரிந்தன. 1949. அதற்குக் கீழே வாசகத்தில் பாதி.

"ரெங்கம்மாக்கா, இழுக்காதீங்க!"

ஒலிவாங்கி அவள் வாய்க்கு மிக அருகில் இருந்தது. குரல் எதிர்மலையில் போய் மோதித் திரும்பியது. கூச்சல் அடங்கியது.

"இழுக்காதீங்கக்கா. இப்ப அங்க தெரியுதே, அது முதன்மை எண். 1949-ஐ யாராலயும் வகுக்க முடியாது. ஒண்ணாலயும் தன்னாலயும் மட்டும்தான். நேத்து நான் உட்கார்ந்து பாத்தேன். நீங்க தேடுனது பாதிக் கல்லுலயே கிடைச்சிருச்சு. நீங்க அதையும் இழுத்தீங்கன்னா வகுபட்டுப்போகும்."

"அப்ப நான் இழுத்தா உடைச்சவ நானா?"

"ஆமாக்கா."

"அவங்க திறந்துக்கிட்டுப் பல்லைக் காட்டுவாங்க, நாங்க முக்காடு போட்டுக்கிட்டு நிக்கணுமா?"

"அவரு மூடட்டும், நீங்க திறங்க. அப்பவும் அதே 1949தான். உங்களதும் முதன்மை எண்தான். எதைத் திறந்தாலும் ஒண்ணுதான்."

"திறந்ததை நான் மூடமாட்டேன்" என்றார் தம்பையா, மார்பை நிமிர்த்தி.

அந்த இடத்தில்தான் அவளுக்குப் பிடி விட்டுப்போனது. பாடசாலைக்கு வந்த நாளிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒன்றாக வந்தது.

"மூடாதீங்க! யாரும் எதையும் மூடாதீங்க, திறக்காதீங்க! ரூமைப் பூட்டி வச்சு மழையில நனையாம பாத்துக்குங்க. உங்க பிள்ளைங்க அங்க மண்டபத்துல தட்டிக்குப் பின்னாடி நாலாம் வகுப்புப் பாட்டைக் கேட்டுக்கிட்டு வகுத்தல் படிக்கட்டும். படிக்க முடியாம நிக்கட்டும். நின்னதும் கொழும்புல கடைக்கு அனுப்புங்க, வீட்டு வேலைக்கு அனுப்புங்க. அங்க போனா மேல் டிவிசனா கீழ் டிவிசனான்னு கேட்டா வேலை குடுக்கறாங்க? எல்லாரையும் 'தோட்டத்துப் பிள்ளை'ன்னு ஒரே பேர்லதான் கூப்பிடறாங்க. அதுல மட்டும் ஒருத்தனும் உங்களைப் பிரிக்கல. ஒற்றுமைன்னு கல்லுல வெட்டியிருக்கீங்களே, எண்ணை உடைச்சது ஏழும் இல்ல, பதினொண்ணும் இல்ல. நீங்க ரெண்டு தரம் எழுதினதுதான் உடைச்சது. ஒரு தரம் எழுதியிருந்தா போதும்!"

ஒலிவாங்கி கிரீச்சிட்டது. அவள் அதை விளக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள்.

பிறகு ரெங்கம்மா கயிற்றைக் கையிலிருந்து விட்டாள். இடுப்பில் சொருகியிருந்த சாவியை எடுத்து, நேரே கதவுக்குப் போய், கீழ் டிவிசன் பூட்டைத் திறந்து, அதைச் சபைக்கு எதிரே உயர்த்திக் காட்டினாள்.

"எங்க திரை மூடிக்கிடக்கட்டும். எங்களுக்கு ரூம்தான் வேணும். எல்லாரும் பாத்துக்குங்க, எங்க பூட்டு திறந்தாச்சு. இனி இந்தக் கதவு திறக்காம இருக்குதுன்னா அது யாரோட பூட்டுன்னு உங்களுக்கே தெரியும்."

எல்லோர் கண்ணும் தம்பையாவின் மேல் விழுந்தது. அவருடைய டிவிசன் பெண்களே முணுமுணுக்கத் தொடங்கினார்கள்.

"தலைவரே, தொறங்களேன். மானம் போகுது."

"தொறங்கண்ணே, எம்மகளும் பரீட்சை எழுதுறா."

தம்பையா சட்டைப் பையைத் தடவினார். சாவியை எடுத்தார். கதவை நோக்கி இரண்டு எட்டு வைத்தவர், நின்று, மேலே கல்லைப் பார்த்தார். திறந்து கிடந்த தன் பாதியையும், மூடிக் கிடந்த ரெங்கம்மாவின் பாதியையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குள் என்ன கணக்கு ஓடியது என்று சுபாஜினிக்கு நன்றாகவே தெரிந்தது.

"அவங்க மூடி வச்சிருக்கும்போது நாங்க மட்டும் ஏன் திறந்து வச்சுக்கிட்டு நிக்கணும்? அவங்களுக்கு நாங்க குறைஞ்சவங்களா?" என்று சொல்லி, தன் கயிற்றை எதிர்ப்பக்கமாக இழுத்துத் திரையை மூடினார். அதன் பிறகுதான் பூட்டைத் திறந்தார்.

கதவு திறந்தது. கல்லில் இப்போது ஒன்றுமே தெரியவில்லை. இரண்டு சிவப்புத் திரைகள் மட்டும் தொங்கின.

"அப்ப கல்லு?" என்றார் பாக்கியநாதன், இரண்டு மாலைக்குள்ளிருந்து.

"கல்லு இருக்கட்டும் சேர்" என்றார் அதிபர் அவசரமாக. "முதல் நன்றியுரையை ஆரம்பிப்போம்."

சுபாஜினி அதற்கு நிற்கவில்லை. பிள்ளைகளைக் கூப்பிட்டு உள்ளே போனாள். அறைக்குள் புதுச் சுண்ணாம்பு வாசனை. கதவைச் சாத்தியதும் வெளிச் சத்தம் பாதியாகக் குறைந்தது. அந்த அமைதிக்காகத்தான் இத்தனையும். ஆனால் சந்தோஷம் வரவில்லை. ஒரு கதவைத் திறப்பதற்கு ஊரே கூடிக் கத்த வேண்டியிருந்ததே என்ற அலுப்புதான் வந்தது. புதுப் பலகையில் பெரிதாக எழுதினாள்: 19491949.

"முதன்மைக் காரணிகளைக் கண்டுபிடிங்க."

"1949 டீச்சர்!" என்றது பின்வரிசை. இரண்டு டிவிசன் பிள்ளைகளும் இடம் தேடும் அவசரத்தில் கலந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"அது இப்ப தோட்டத்துக்கே தெரியும். மிச்சம் பத்தாயிரத்தொண்ணு இருக்கு. அது முதன்மையா, இல்லையா?"

கொப்பிகள் திறந்தன. மூன்றால் போட்டார்கள், ஏழால் போட்டார்கள், பதின்மூன்றால் போட்டார்கள். நேரம் போனது. வெளியே இரண்டாவது நன்றியுரை முதலாவதைவிட நீளமாகப் போய்க்கொண்டிருந்தது. சிலர் பேனையைக் கீழே வைக்கத் தொடங்கினார்கள். வாசலில் கதவைக் கொஞ்சமாகத் திறந்துகொண்டு பாக்கியநாதன் எட்டிப் பார்த்தார்.

அவரைப் பார்த்துக்கொண்டே சுபாஜினி மேசையைத் தட்டினாள்.

"பேனையை எடுங்க. எழுபத்தொண்ணோட ஒருத்தரும் நிறுத்தக்கூடாது."